நெல்லுக்காரக் கபூரின் மகள்

குவைத் விமான நிலையத்தில் ஒரு ஆள் காகிதம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து "ஹாஜறா, ஹாஜறா" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றான். நான் அவனுக்கு நேர் முன்னால் நின்றேன். அந்த ஹாஜறா எங்கே போய்த் தொலைந்தாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னோடு விமானத்தில் வந்து எனக்குப் பின்னால் நின்ற குருநாகல்காரி முழங்கையால் இடித்து என் கையிலிருந்த கடவுச்சீட்டைக் காட்டிய பிறகுதான், ஹாஜறா நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. 

என் பெயர் பத்தினிப்பிள்ளை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், நாங்கள் படுவான்கரை என்று சொல்லுகிற கரையில், பழுகாமம் என் ஊர். என் புருஷன் கனகசூரியம் வயல்காரன். 2004 மார்கழியில், வயல் வட்டையில் வேலை குறைந்த நேரம், கடற்கரைப் பக்கம் கரைவலை இழுக்கப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறி வந்தது. அவர் திரும்பி வரவில்லை. மகள் விதுசாவையும் என்னையும் தங்கச்சி சீதேவிப்பிள்ளைதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். எத்தனை காலம்தான் பார்ப்பாள். இரண்டு வருஷம் கழித்து நான் வெளிநாட்டுக்குப் போவதென்று முடிவானது.

பட்டணத்தில் ஆள் அனுப்புகிற சாமித்தம்பி சொன்னது இவ்வளவுதான். "அந்த வீட்டுக்காரருக்கு முஸ்லிம் பிள்ளைதான் வேணுமாம். உனக்கு ஹாஜறா எண்டு பேர் எடுத்திருக்கன். சலாம் சொல்லு. சாப்பிட முன்னம் பிஸ்மி சொல்லு. ஆரும் ஊர் கேட்டா ஏதாவதொரு முஸ்லிம் ஊரைச் சொல்லு. மற்றதுக்கெல்லாம் வாயத் திறக்காத. பாஷை தெரியாத ஊமை எண்டு விட்டிருவாங்கள்."

"அவங்களுக்குத் தெரிய வந்தா?"

"திருப்பி அனுப்புவாங்கள். வெறுமனே அனுப்பினா உன்ட நல்ல காலம். கள்ளப் பேரில வந்தவள் எண்டு பொலிசில குடுத்தாங்கள் எண்டா, உள்ளதான். என்ட பேரை மட்டும் சொல்லிப்போடாத."

2007ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். இரண்டு தட்டு வீடு. கீழே தம்பி குடும்பம், மேலே அண்ணன் குடும்பம். எனக்குக் கீழ் வீடு. மெடம் வயதில் என்னைவிட இளையவள், சிரித்த முகம். மர்யம் என்று நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. மெடம் முதலில் என் கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்ததாகக் குசினிக்குப் பக்கத்தில் இருந்த என் அறையைக் காட்டினாள். கட்டில், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சன்னல். கடைசியாக, நாலாக மடித்த ஒரு தொழுகை விரிப்பை என் இரண்டு கையிலும் வைத்து, எந்தப் பக்கம் விரிக்க வேண்டுமென்று கையை நீட்டிக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

அன்று பொழுதுபட, பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மெடம் என்னைப் பார்த்துப் போ என்று சைகை காட்டினாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விரிப்பை அவள் காட்டிய பக்கமாகவே விரித்தேன். அதன்மேல் ஏறக் கால் வரவில்லை. அறியாதவள் ஏறி நின்று கூத்துக் காட்டினால் அது அந்தக் கடவுளுக்கும் பொறுக்காது, எங்கள் திரௌபதை அம்மனுக்கும் பொறுக்காது என்று பட்டது. விரிப்புக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் குந்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பது தெரியாது. சுருக்க எழும்பினாலும் சந்தேகம், பிந்தி எழும்பினாலும் சந்தேகம். அப்போது மேல் வீட்டில் தண்ணீர் திறந்து விட்ட சத்தம் சுவர்க் குழாய்க்குள்ளால் இறங்கி வந்தது. பிறகு என் தலைக்கு நேர் மேலே யாரோ நடந்தார்கள், நின்றார்கள், முழங்கால் ஊன்றினார்கள். கடைசியில் காலடி கதவுப் பக்கம் போனது. நானும் விரிப்பைக் கால் படாமல் சுற்றி வந்து மடித்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அதுதான் வழக்கமாயிற்று. மேலே இருக்கிறவள் யாரென்று தெரியாமலே அவள் காலடியைப் பிடித்துக்கொண்டு நான் அந்த முதல் நாளைக் கடத்தினேன்.

அடுத்த நாள் காலையில் மெடம் என் கையைப் பிடித்து மேல் வீட்டுக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஸ்ரீலங்கா, ஸ்ரீலங்கா" என்று சொல்லி அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்து உயர்ந்த ஒரு பெண் மா அரித்துக்கொண்டு நின்றாள். முழங்கை வரை மா.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் சலாமை நான் பாதியில் விழுங்கினேன்.

"எவ்விடம் புள்ள?"

தமிழ். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் கதவு எங்கே என்று பார்த்தேன். அரபுக்காரருக்கு நான் ஊமை. இவளுக்கு முன்னால் ஊமையாக இருக்க முடியாது. கேட்டால் ஏதாவது ஒரு முஸ்லிம் ஊரைச் சொல் என்று சாமித்தம்பி சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது ஓட்டமாவடி. பொலன்னறுவைக்குப் போகும்போது பஸ் அங்கே நிற்கும். ஒரு தரம் இறங்கித் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

"ஓட்டமாவடி."

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். "ஓட்டமாவடியா? நானும் ஓட்டமாவடிதானே. நீ ஆருட மகள்?"

எனக்கு ஓட்டமாவடியில் ஒரே ஒரு மனிதரைத்தான் பேர் சொல்லத் தெரியும். அறுவடைக்கு அறுவடை எங்கள் வட்டைக்கு லொறியோடு வந்து நெல் வாங்குகிறவர். கையிலே நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் என்று முகத்தைச் சுளிக்கிறவர்.

"அப்துல் கபூர்ட மகள்."

"எந்தக் கபூர் கா? எங்கட ஊரில கபூர் கொள்ளைப் பேர். பேக்கரிக் கபூர் இரிக்கார், கண்ணாடிக் கபூர் இரிக்கார்." பெண்பிள்ளையோடு பேசினால் அவர்கள் பேச்சில் இப்படி ஒரு 'கா' வரும்.

"நெல்லுக்காரக் கபூர்."

அவள் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்க்கவில்லை, முகத்தை மட்டும்தான் பார்த்தாள். "ஆ" என்றாள். அரிதட்டைத் திரும்ப எடுத்தாள். பிறகு மெடமின் பக்கம் திரும்பி அரபியில் நீளமாக ஏதோ சொன்னாள். மெடம் சிரித்து என் தோளில் தட்டினாள். என்ன சொன்னாள் என்பது எனக்கு விளங்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் மெடம் சிரிப்பாளா என்று ஒரு பக்கம் யோசித்தேன். இந்த ஊர்க்காரர் கோபம் வந்தால் எப்படி இருப்பார்கள், சிரிப்பார்களா முறைப்பார்களா என்பதே எனக்குத் தெரியாதே என்று மறுபக்கம் யோசித்தேன்.

அவள் பெயர் ஆயிஷா உம்மா. மூன்று வருஷமாக மேல் வீட்டில் வேலை. அவளைக் கண்டாலே ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு வீட்டுச் சாப்பாடும் பாதி நாள் ஒன்றாகத்தான் ஆகும். அவள் இறங்கி வருவாள், அல்லது மெடம் என்னை ஏற்றி விடுவாள். பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது அவள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் எனக்குக் கண்ணிவெடி.

"வாப்பா சுகமா இரிக்காரா?"

"ஓம்."

"லொறி இன்னும் ஓடுதா, வித்திட்டாரா?"

"ஓடுது."

"பழைய சிவப்பு லொறிதானே?"

நீல லொறி. நான் எத்தனையோ தரம் மூட்டை ஏற்றுவதைப் பார்த்த லொறி. சிவப்பென்று சொல்வதா நீலமென்று சொல்வதா. "நான் கனகாலமா ஊரில இல்ல அக்கா" என்றேன். அக்கா என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் காதில் விழுந்தது. அவர்கள் ராத்தா என்பார்கள். அவள் வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இதையும் உரி. உனக்குத்தான் கண்ணீர் சும்மா சும்மா வருகுதே."

அழுவதை அவள் கண்டிருக்கிறாள். குசினிக் கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று, தண்ணீரைத் திறந்து விட்டு அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எதற்கு அழுகிறேன் என்று கேட்டிருந்தால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லியிருப்பேன். விதுசாவின் குரல் கேட்க வேண்டும். எனக்குப் போன் இல்லை. மூன்று மாதம் போகட்டும் என்று மெடம் விரலைக் காட்டியிருந்தாள். ஆயிஷா உம்மாவிடம் போன் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் ஊருக்குக் கதைப்பாள். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரின் போன் நம்பர் எனக்குப் பாடம். ஆனால் நான் கேட்டு, அவள் தந்து, அந்தப் பக்கத்தில் விதுசா எடுத்து "அம்மா" என்று கத்தினால்? அந்தப் பிள்ளை மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உம்மா என்று கூப்பிட வேண்டிய பிள்ளை அம்மா என்று கத்துவது குசினி முழுக்கக் கேட்கும். கேட்காமலே இருந்தேன்.

பங்குனி நடுவில் ஒரு நாள், மண்டபத்தில் தூசு தட்டிக்கொண்டு நிற்கும்போது டிவியில் இலங்கைப் படம் வந்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மெடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று மோதிக் காட்டினாள். சண்டை. புள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பதற்குள் படம் மாறிவிட்டது.

அன்று மத்தியானம் ஆயிஷா உம்மா மீன் கழுவ இறங்கி வந்தாள். நான் செதில் தட்டினேன், அவள் வெட்டினாள்.

"படுவான்கரைக்குச் செல் குண்டு அடிக்கிறாங்களாம்" என்றாள். கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனமெல்லாம் சட்டி பானையோட ஆத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருதாம். வீட்டில கதைக்கக்குள்ள சொன்னாங்க."

நான் செதிலைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"எங்கட ஊருக்கு ஒண்டும் இல்லையாம். அப்ப மறுகா நமக்கென்ன?"

"ஓம்" என்றேன். "நமக்கென்ன."

பிறகு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "செதில் போயிற்று கா. நீ இப்ப தோலை உரிக்கிறாய்."

அந்த மீனை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. அளந்து பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அன்று மாலை மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கிய சத்தத்தைக் கேட்டபோது, அவள் முழங்கால் ஊன்றுகிற இடத்துக்குக் கீழே சரியாக நான் இருக்கிறேன் என்பதை நினைத்தேன். விரிப்பைப் பார்த்துக்கொண்டு, அம்மாளே, அல்லாவே, ஆராவது ஒருவர் அந்தப் பிள்ளையைத் தோணியில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்டேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் கீழ் மண்டபத்தில் ஒன்றாகச் சாப்பிடும். ஆண்கள் சாப்பிட்டு வெளியே போய்விட்டார்கள். பெண்கள் கம்பளத்தில் கால் நீட்டித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மெடம், மேல் வீட்டு மெடம், வந்திருந்த சொந்தக்காரிகள் சிலர். மேல் வீட்டு மெடம் மூத்தவள், லேசில் சிரிக்காதவள். நான் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மண்டபம் இருண்டு வந்தது. ஆயிஷா உம்மா சுவரில் கை வைத்து விளக்கைப் போட்டாள்.

கம்பளத்தின் நடுவில் இருந்த மர்யம் எழும்பி நின்றாள். மின்குமிழைப் பார்த்து இரண்டு சின்னக் கைகளையும் கூப்பினாள். கூப்பிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று பெருமையாகச் சுற்றிப் பார்த்தாள்.

நான் பொறுக்கிய கிண்ணங்களைத் திரும்பக் கீழே வைத்தேன்.

எங்கள் ஊரில் பொழுதுபட விளக்கு வைத்தால் கை தானாகக் கண்ணுக்குப் போகும். குப்பி விளக்கென்றாலும் சரி, மின்குமிழ் என்றாலும் சரி. அது கும்பிடுகிறோம் என்று நினைத்துச் செய்வதல்ல. கொட்டாவி வந்தால் வாயைப் பொத்துவது போல. பேரை மாற்றினார்கள், உடுப்பை மாற்றினார்கள், சாமித்தம்பி சொல்லித் தந்ததையெல்லாம் பாடமாக்கினேன். இதை நான் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாததால் இதை மறைக்க வேண்டுமென்று தோன்றவில்லை. தினமும் பின்னேரம் குசினி விளக்கைப் போடும்போது காலடியில் நின்று அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது.

பெண்கள் சிரித்தார்கள். மேல் வீட்டு மெடம் சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்து ஏதோ கேட்டாள். மர்யம் என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஹாஜறா" என்றாள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எங்கள் மெடமின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. மேல் வீட்டு மெடம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அலுமாரிக்குள் பூட்டியிருக்கிற கடவுச்சீட்டு, பொலிஸ், சாமித்தம்பி சொன்ன "உள்ளதான்", எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. விதுசா எந்தக் கரையில் நிற்கிறாள் என்று தெரியாமலே என்னைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மேல் வீட்டு மெடம் இப்போது ஆயிஷா உம்மாவைக் கேட்டாள். ஊர்க்காரி அல்லவா, அவளுக்குத் தெரியும்.

ஆயிஷா உம்மா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மெதுவாக, சலிப்போடு, வேலைக்காரி பற்றி முறையிடுகிறவள் போல அரபியில் பேசினாள். நடுவில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணில் வைத்து அழுத்திக் காட்டினாள். பிறகு என்னைச் சுட்டி இன்னும் கொஞ்சம் முறையிட்டாள்.

மேல் வீட்டு மெடம் எழும்பி வந்தாள். என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெங்காயமும் அழுகையும் சேர்ந்து கண் சிவந்துதான் கிடந்தது. அவள் "அஸ்தஃபிருல்லா" என்று பின்னுக்கு விலகி, எங்கள் மெடமைப் பார்த்துச் சத்தம் போட்டாள். எங்கள் மெடம் உள்ளே ஓடி ஒரு மருந்துக் குப்பியோடு வந்தாள். மண்டபத்தின் நடுவில் என்னை இருத்தி, தலையைப் பின்னுக்குச் சரித்து, இரண்டு கண்ணிலும் விட்டாள். நெருப்பாக எரிந்தது. அடுத்ததாக மர்யமைப் பிடித்தார்கள். பிள்ளை வீடு இடிய அலறியது.

பாங்கு சொன்னது. பெண்கள் எழும்பினார்கள். ஆயிஷா உம்மா என் முதுகில் கை வைத்துக் குசினிக்குள் தள்ளினாள்.

"நான் தொழுதிட்டு வாறன். நீ கோப்பையைக் கழுவு. ஓடிப்போகாத. ஓட இடமும் இல்ல."

எரிகிற கண்ணோடு கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். அவள் காப்பாற்றினாளா, அல்லது தனியாகப் பிடித்துக்கொள்ள விட்டு வைத்தாளா என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவள் வந்து கதவைச் சாத்தினாள். பீங்கான் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"நெல்லுக்காரக் கபூருக்குப் பிள்ளை இல்ல" என்றாள்.

நான் குழாயைப் பூட்டினேன்.

"இரண்டு கலியாணம் முடிச்ச மனுசன். ஹஜ்ஜுக்குப் போய் அழுது கேட்டவர். பிள்ளை இல்ல. ஊரே அறியும். ஊரில அத்தனை கபூர் இரிக்கக்குள்ள, தேடிப் பிடிச்சு அவரிட வயித்தில வந்து பிறந்திரிக்காய்."

"அப்ப முதல் நாளே உங்களுக்கு..."

"நீ வாயத் திறந்த உடனேயே. லொறி நீலம். அதுவும் தெரிஞ்சுதான் கேட்டன். என்ன செய்யிறாய் எண்டு பாக்க."

"மெடத்துக்கிட்டச் சொல்லல்லையே."

"சொல்லத்தான் இருந்தன்." துணியை உதறினாள். "என்ட தம்பி பக்கீர், எழுபது எண்பது பேரோட பஸ்ஸில போனவன். பொலன்னறுவை ரோட்டில வைச்சு இறக்கினது இயக்கம், உன்ட ஆக்கள். அவனோட இன்னும் நாலஞ்சு பேர். வீட்டுக்கு அவன்ட மையித்துத்தான் வந்தது. நீ அப்ப பாவாடை கட்டின பிள்ளையா இரிந்திருப்பாய், தெரியும். தெரிஞ்சாலும் மனசு கேக்கல்ல. இவள் எங்கட பேரைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாளே எண்டு பத்திக்கொண்டு வந்தது. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு ஒவ்வொரு நாளும் படியிறங்கினன்."

 அவள் ஒரு கிண்ணத்தைத் துடைத்து முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"மறுகா இறங்கி வந்தா நீ நிப்பாய். வாயைத் திறந்தா தமிழ் வரும். மூணு வருசம் கா. கீழ இரிந்தவள் இந்தோனேசியாக்காரி, அவளுக்கு முன்னம் எத்தியோப்பியாக்காரி. ஏசுறதெண்டாலும் எனக்கு அரபியிலதான் ஏச வேண்டிக் கிடந்தது. உன்னைச் சொல்லிக் குடுத்தா உன்னை அனுப்பிப்போடுவாங்க. நான் மறுகா ஆரைப் புடிச்சு ஏசுற?"

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. குழாயைத் திரும்பத் திறந்தேன்.

"அங்க என்ன சொன்னீங்க?"

"கண் வருத்தம் எண்டன். விளக்கு வெளிச்சம் பட்டாக் கூசும், அதுக்குக் கையை வைச்சு அழுத்துறவள், ஊத்தைக் கையை வைக்காத எண்டு எத்தனை தரம் சொன்னன், கேக்கிறாளில்ல எண்டு ஒரு மூச்சு ஏசினன். இனி தினமும் மருந்து விடுவாங்க. வாயை மூடிக்கொண்டு விட்டுக்க. வெள்ளிக்கிழமையில பொய் சொல்ல வைச்சிட்டாய். அந்தப் பாவத்தில பாதி உன்ட கணக்கு."

"எனக்குத் தொழவும் தெரியாது" என்றேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருக்கன். நீங்க மேல நடக்கிற சத்தத்தைப் பாத்துத்தான் எழும்புற. சொல்லித் தந்தீங்க எண்டா..."

"சொல்லித் தரமாட்டன்." குரல் கடினமாகியது. "அது பொய்க்குப் படிக்கிற விசயமில்ல." பிறகு, "விரிப்பை என்ன செய்யிறாய்? மிதிச்சியா?"

"இல்ல. விரிப்பன். பக்கத்தில நிலத்தில இருப்பன். கால் படாம மடிச்சு வைப்பன்."

அவள் கையிலிருந்த கிண்ணம் எப்போதோ துடைத்து முடிந்திருந்தது. ஆனாலும் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பிடியே இரு" என்றாள் கடைசியில். "கதவைச் சாத்திக்கொண்டு இரு. உன்னை அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும். மெடத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். "எந்த ஊர்?"

"பழுகாமம்."

"அது படுவான்கரைதானே." மீன் வெட்டிய நாளை அவளும் நினைத்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரிப் போனது. "நம்பரைச் சொல்லு."

நான் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தது. அந்தச் சத்தத்தில் நான் பழுகாமத்து வீட்டைக் கண்டேன். திறந்து கிடக்கிற கதவு, ஆளில்லாத முற்றம். மூன்றாம் தரம் யாரோ எடுத்தார்கள். பின்னால் பெரிய இரைச்சல், பிள்ளைகள் அழுகிற சத்தம். நான் பேரைச் சொன்னேன். பத்தினி என்று சொன்னேன். அந்த வீட்டுக்குள் அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். போன் கை மாறிக் கை மாறிப் போய், சீதேவிப்பிள்ளை வந்தாள்.

"அக்கா, நாவற்குடாவில ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கம். எல்லாரும் தப்பி வந்திட்டம். இரவிரவாத் தோணியில கடந்து வந்த. மாடு கண்டு எல்லாம் விட்டாச்சு. நீ பயப்படாத."

அடுத்து விதுசா. "அம்மா" என்று கத்தினாள், நான் பயந்தது போலவே. "அம்மா, என்ட செருப்பு ஒண்டு சேத்துக்குள்ள போயிற்று. மற்றதைக் கையில வைச்சிருக்கன். சித்தி எறியச் சொல்றா. எறியவா?"

"எறியாத" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வைச்சுக்கொள். எறியாத."

அப்போது கதவு திறந்தது. மெடம். கையில் மருந்துக் குப்பி.

 போனுக்குள்ளிருந்து "அம்மா, அம்மா, கேக்குதா" என்ற சத்தம் குசினி முழுக்கக் கேட்டது. ஆயிஷா உம்மா என்னை முந்திக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னாள். மெடமின் முகம் இளகியது. மூன்று மாதக் கட்டளையை அவள் மறந்துவிட்டாளோ என்னவோ, கையை நீட்டிப் போனை வாங்கித் தன் காதில் வைத்தாள். "ஹலோ, ஹபீப்தி" என்று கொஞ்சினாள்.

 பிறகு விதுசாவின் குரல். "ஆரது? எங்கட அம்மாட்டக் குடுங்க."

மெடம் ஒன்றும் விளங்காமல் சிரித்தாள். ஆயிஷா உம்மாவிடம் ஏதோ கேட்டாள்.

"மகள்ட பேர் என்ன எண்டு கேக்கிறா" என்றாள் ஆயிஷா உம்மா. என்னைப் பார்த்து, கண்ணாலேயே வாயைத் திறக்காதே என்றாள். பிறகு மெடமின் பக்கம் திரும்பி, "மர்யம்" என்றாள்.

மெடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் பேர். போனை என்னிடம் தந்துவிட்டு, உள்ளே அழுது ஓய்ந்து கிடந்த தன் மர்யமிடம் இதைச் சொல்ல ஓடினாள்.

"நெல்லுக்காரக் கபூருக்கு ஒரு பேத்தியும் கிடைச்சிட்டாள்" என்றாள் ஆயிஷா உம்மா. "அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா சந்தோசத்தில மவுத்தாப் போயிருவார். சுருக்கக் கதைச்சு முடி. காசு போகுது."

அன்றிலிருந்து எனக்கு நினைவில் வைத்திருக்க ஒரு பேர் அல்ல, இரண்டு பேர். அக்கா என்று வாயில் வராமல் ராத்தா என்று வரப் பழகினேன். பிறகு அது நினைக்காமலே வந்தது. வேலை பிந்தினால் அவள் படியில் நின்று "எங்க அந்தக் கபூர்ட மகள், படுத்திட்டாளா" என்று சத்தம் போடுவாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வாசலில் வாகனம் நின்றால் பொலிசோ என்று வேலையை விட்டுக் காது கொடுப்பேன். நோன்பு மாதம் வரும்போது என்ன செய்வதென்று அவளும் நானும் இன்னும் கதைக்கவில்லை. விதுசா எத்தனை நாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அடுத்த செல் எங்கே விழும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்றைக்கும் பொழுதுபட்டது. குசினி விளக்கை நான் போட்டேன். கைகள் பாதி வழி எழும்பின. காலடியில் நின்று சின்ன மர்யம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெடம் மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். நான் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். முகத்தை விளக்குக்கு நேரே நிமிர்த்தி, கண்களை அகலத் திறந்தேன்.